எடைமேடையில் ஏறாத எடை

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு. ஆண்டு மலருக்காகச் சற்றே திருத்தி எழுதப்பெற்றது.)



இம்மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் பேசிச் சென்றிருக்கின்றனர். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இரயில்வேயின் சரக்கு அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எடைச்சீட்டு எழுதி வருபவன். செயலாளர் அவர்கள் என்னிடம் வந்து, “நீங்களும் ஒரு முறை பேசத்தான் வேண்டும்” என்றபோது, “எனக்கு எடையைத் தவிர வேறொன்றும் தெரியாதே” என்றேன். “அதையே பேசுங்கள்” என்றார். ஆகவே எடையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் எந்த எடைமேடையிலும் ஏறாத, எந்தச் சீட்டிலும் எழுத முடியாத ஓர் எடையைப் பற்றி. அது அமெரிக்க நாட்டில் கார்ப் பந்தயம் நடத்துவோருடைய எடை.

சபையில் சிலர் புன்னகை செய்வதைக் காண்கிறேன். வேறு சிலர் புன்னகை செய்யவில்லை. அதன் காரணமும் எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு பூஜை விடுமுறையில் நம் காலனிக்கு வெளியே, இன்னும் திறக்கப்படாத புறவழிச்சாலையில் நடந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். வண்டியை ஓட்டியவன் என் மகன். பக்கத்தில் அமர்ந்திருந்தவன் அடுத்த குவார்ட்டர்ஸ் அண்ணாவின் மகன். வண்டி நிலைதவறி வயலில் இறங்கியது. அந்தப் பிள்ளைக்குக் காறை எலும்பு முறிந்தது. என் மகனுக்கு மணிக்கட்டு. அதன்பின் இரண்டு வீட்டுக்கும் இடையே மூன்று மாதம் பேச்சில்லை. அண்ணாவும் அண்ணியும் இன்று இங்கே வந்து அமர்ந்திருக்கின்றனர். நான் பேசுவதில் பாதி அவர்களுக்குச் சொல்ல வேண்டிய கணக்கு. அந்தக் கணக்கிற்கு வருமுன் அமெரிக்காவிற்குப் போய் வரவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டில் கட்டுப் போட்டு என் மகன் வீட்டில் இருந்த ஆறு வாரமும், மாலையில் அலுவலகம் விட்டு வந்ததும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். முதல் வாரம் இருவரும் பேசவில்லை. இரண்டாம் வாரம், தன் கைப்பேசியில் அவன் பார்த்துக்கொண்டிருந்ததை நானும் எட்டிப் பார்த்தேன். அதுதான் ‘டிராக் ரேஸ்’ எனப்படும் நேரோட்டப் பந்தயம். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. இரண்டு வண்டிகள் பக்கம்பக்கமாக நின்று, விளக்கு எரிந்ததும் நேர்கோட்டில் ஓடும். முதலில் எல்லையைத் தொட்டது வென்றது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளிலும், பயனற்றுப்போன விமானத்தளங்களிலும் இளைஞர்கள் இவ்வாறு ஓட்டி வந்தனர். அவர்களைத் தெருவிலிருந்து ஓர் ஒழுங்கான களத்திற்குக் கொண்டுவர வேண்டுமென்று 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் ஒரு தேசியச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அப்போதைய தொலைவு கால் மைல். அதாவது 402 மீட்டர்.

இந்தப் பந்தயத்தின் உச்ச வகுப்பில் ஓடும் வண்டியின் கணக்கைக் கேட்டபோது நான் முதலில் நம்பவில்லை. நம் மாதேபுரா தொழிற்சாலையில் செய்யப்படும் பன்னிரண்டாம் வகைச் சரக்கு மின் எஞ்சினை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதன் திறன் 12,000 குதிரைத்திறன். அதன் எடை 180 டன். அந்த எடை எட்டு அச்சுகளில், அச்சுக்கு 22.5 டன்னாக இறங்குகிறது. அந்த அமெரிக்கப் பந்தய வண்டியின் திறன் ஏறத்தாழ 11,000 குதிரைத்திறன். அதன் எடையோ, ஓட்டுபவரையும் சேர்த்து, ஏறத்தாழ 1,050 கிலோ. மீண்டும் சொல்கிறேன்: 180 டன்னுக்கு எதிராக ஒரே ஒரு டன்!

இரயில்வேக் குடும்பத்தினருக்கு இதில் உள்ள சங்கடம் உடனே விளங்கும். மழை நாளில், ஏற்றத்தில், சரக்கு வண்டியை இழுக்கும் எஞ்சினின் சக்கரம் நழுவிச் சுழல்வதையும், ஓட்டுநர் தண்டவாளத்தில் மணலைத் தூவுவதையும் பார்த்திருக்கிறோம். எஞ்சினுக்குத் திறன் இருந்தால் மட்டும் போதாது. அந்தத் திறனைத் தண்டவாளத்திற்குக் கொடுக்கச் சக்கரத்தின்மேல் பளு வேண்டும். அதனாலேயே எஞ்சினைக் கனமாகச் செய்கிறார்கள். எடை என்பது எஞ்சினுக்குக் குறையன்று. அதுவே அதன் பிடிமானம். பந்தய வண்டிக்கோ இந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது. எடையைக் கூட்டினால் பிடி கூடும். ஆனால் அந்த எடையையும் சேர்த்தல்லவா ஓட்டிச் செல்லவேண்டும்? நின்ற இடத்திலிருந்து நான்கு விநாடிக்குள் பந்தயத்தை முடிக்க வேண்டியவனுக்கு ஒவ்வொரு கிலோவும் பகை.

புறப்படும் கணத்தில் அவர்கள் இதைச் சமாளிக்கும் முறை வேறு. பின்சக்கர டயர்கள் மனிதனின் இடுப்புயரம். மிக மென்மையான ரப்பர். உள்ளே காற்று மிகக் குறைவு. புறப்படும்போது டயரின் பக்கச்சுவர் துணி மடிவதுபோல் மடிந்து, தரையைப் பரப்பிப் பிடிக்கிறது. ஓடுதளத்தின்மேல் பிசின் போன்றதொரு பொருளைத் தெளித்திருப்பார்கள். காலணி அணிந்து நடந்தால் காலணி அங்கேயே நின்றுவிடுமாம். இவை நம் மணல் தூவும் வேலையைச் செய்கின்றன. ஆனால் வேகம் ஏற ஏற, எஞ்சினின் தள்ளுதல் குறையவில்லை. தரையின் ஒவ்வொரு சிறு மேடும் வண்டியைத் தூக்கிப் போடப் பார்க்கிறது. அங்கேதான் நான் சொல்ல வந்த எடை வருகிறது.

அவர்கள் இதனை ‘டவுன்ஃபோர்ஸ்’ என்கிறார்கள். நான் என் மனத்திற்குள் ‘காற்றுப் பளு’ என்று சொல்லிக்கொள்கிறேன். ஆகாய விமானத்தின் சிறகு காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று விமானத்தை மேலே தூக்குகிறது. அதே சிறகைத் தலைகீழாகக் கவிழ்த்து வண்டியின் பின்புறம் பொருத்தினால், அது காற்றை மேலே தள்ளும். காற்று வண்டியைத் தரையோடு அழுத்தும். இவ்வளவுதான் தத்துவம். வண்டி நிற்கும்போது எடைமேடையில் ஏற்றினால் சிறகின் உலோக எடை மட்டுமே காட்டும். ஓடத் தொடங்கியபின், யாரும் மூட்டை ஏற்றாமலேயே, வண்டியின்மேல் சுமை ஏறிக்கொண்டே போகும். அந்தச் சுமையைத் தூக்கி ஓடவேண்டிய கட்டாயமும் எஞ்சினுக்கு இல்லை. எடைச்சீட்டு எழுதிப் பழகிய எனக்கு இது மாயமாகவே தோன்றியது.

ஆனால் மாயத்திற்கும் ஒரு விலைப்பட்டியல் உண்டு. இந்தப் பளு வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் பளு நான்கு மடங்கு. வேகம் மும்மடங்கானால் பளு ஒன்பது மடங்கு. காற்றின் எதிர்ப்பும் அவ்வாறே நான்கும் ஒன்பதுமாக ஏறுகிறது. அந்த எதிர்ப்பை வெல்ல எஞ்சின் செலவிடும் திறனோ எட்டும் இருபத்தேழுமாக ஏறுகிறது. சிறகைச் செங்குத்தாக நிமிர்த்தினால் பளு கூடும். அதனோடு எதிர்ப்பும் கூடும். ஒரு பாகை கூட்டுவதா, குறைப்பதா என்று அவர்கள் நாள் முழுதும் விவாதிப்பதற்குக் காரணம் இதுவே. உச்ச வகுப்பு வண்டி மணிக்கு 330 மைலைத் தாண்டி, அதாவது 530 கிலோமீட்டரைத் தாண்டிச் செல்லும்போது, அதன் பின்சிறகு தரும் பளு வண்டியின் சொந்த எடையையே விஞ்சி டன் கணக்கில் நிற்கிறது. எஞ்சினின் புகைக்குழாய்களையும் மேல்நோக்கிச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். வெளியேறும் வாயுவின் உதைப்பே மேலும் சில நூறு கிலோ அழுத்தத்தைத் தருகிறது. ஒரு பக்கத்தில் ஒரு சிலிண்டர் அணைந்துபோனால், அந்தப் பக்கத்து உதைப்புக் குறைந்து, வண்டி அப்பக்கமே சாய்ந்து ஓடும். புகையைக்கூட வீணாக்காத கணக்கு அது!

இந்தக் கலை ஒருநாளில் வந்ததன்று. இதில் நான் பெரிதும் வியந்த மனிதர் டான் கார்லிட்ஸ் என்ற ஃபுளோரிடாக்காரர். தம் வண்டிகளுக்கெல்லாம் ‘சதுப்பு எலி’ என்று பெயரிட்டு, ஒன்று, இரண்டு என எண்ணிட்டு வந்தவர். 1963ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பொமோனாவில் நடந்த குளிர்காலப் போட்டியில், எஞ்சினுக்கு மேலே ஒரு சிறகைத் தூக்கி நிறுத்திக்கொண்டு வந்து வென்றார். அடுத்த ஆண்டு, 1964 ஆகஸ்டு முதல் நாள், நியூ ஜெர்ஸியில் 201.34 மைல் வேகத்தைப் பதிவு செய்தார்.

அக்காலத்து வண்டிகளில் எஞ்சின் முன்னே இருக்கும். ஓட்டுபவர் அதற்குப் பின்னே, பின் அச்சையும் தாண்டி, வாலில் உட்கார்ந்திருப்பார். எஞ்சினோ பற்சக்கரப் பெட்டியோ வெடித்தால் எல்லாம் அவர்மேல்தான் விழும். 1970 மார்ச் 8ஆம் நாள், கலிபோர்னியாவின் லயன்ஸ் ஓடுதளத்தில் அதுவே நடந்தது. புறப்படும்போதே பற்சக்கரப் பெட்டி வெடித்து, வண்டி இரண்டு துண்டாயிற்று. கார்லிட்ஸின் வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவாறே அவர், எஞ்சினைப் பின்னால் வைத்து, தாம் முன்னால் அமரும் வண்டியை எண்ணத் தொடங்கினார்.

இனி நான் சொல்வதை இளைஞர்கள் சற்றுக் கூர்ந்து கேட்கவேண்டும். பின்எஞ்சின் வண்டிகளை அதற்கு முன்பே சிலர் செய்து பார்த்திருந்தனர். அவை நேரே ஓடமாட்டா என்பதே பொதுக்கருத்து. கார்லிட்ஸின் புது வண்டியும் முதலில் அவ்வாறே இங்குமங்கும் அலைந்தது. என்னென்னவோ மாற்றிப் பார்த்தனர். கடைசியில் குற்றவாளி எது தெரியுமா? ஸ்டீயரிங்! பழைய வண்டியில் வாலில் அமர்ந்திருந்தவருக்கு, முன்னால் நீண்டிருக்கும் மூக்கு ஓர் அங்குலம் விலகினாலும் தெரியும். முன்னே அமர்ந்தவருக்கு அது தெரிவதில்லை. தெரிந்து திருப்பும்போது மிகையாகத் திருப்பிவிடுகிறார். சிறிது திருப்பினாலும் சக்கரம் அதிகம் திரும்பும் அமைப்பு அந்த ஸ்டீயரிங்கில் இருந்தது. அதை மந்தமாக்கினார்கள், வண்டி நேரே ஓடியது. 1971இல் அதே பொமோனாவில் அந்த வண்டியே வென்றது. பின்சிறகும் அதன்மேல் அதற்குப் பின்னரே ஏறியது. சில ஆண்டுகளில் அவ்வகுப்பில் முன்எஞ்சின் வண்டியே இல்லாமற்போயிற்று.

ஆகவே ‘நிலை’ என்பது வேறு, ‘பளு’ என்பது வேறு. நம் இரயில் சக்கரத்தையே பாருங்கள். அதன் ஓடுபரப்பு தட்டையன்று. இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் கூம்பாகக் கடையப்பட்டது. வண்டி ஒரு பக்கம் விலகினால் அந்தச் சரிவே அதை நடுவிற்குக் கொண்டுவரும். ஆயினும் வேகம் மிகுந்தால், நடுவிற்கு வந்தது நிற்காமல் மறுபக்கம் போகும். மறுபடி இப்பக்கம் வரும். பெட்டி பாம்புபோல் நெளியும். திருத்தும் விசை இருந்தால் மட்டும் போதாது, அளவோடு திருத்தவேண்டும். சாலை வண்டியில் இந்த வேலையைச் செய்வது முன்சக்கரத்தின் திருப்பு அச்சினுடைய சாய்வு. மிதிவண்டியின் முன்கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; கையை விட்டாலும் அது நேரே ஓடுவதற்கு அச்சாய்வும் ஒரு காரணம். நேரோட்ட வண்டிகளில் இந்தச் சாய்வைச் சாதாரணக் காரைவிட அதிகமாக வைக்கிறார்கள்.

அடுத்தது அம்பு. அம்பின் முனையில் இரும்பு, வாலில் இறகு. எடை முன்னே, காற்றுப் பிடிக்குமிடம் பின்னே. அதனால் அம்பு சற்றே கோணினாலும் காற்று வாலைத் தள்ளி நேராக்குகிறது. இறகை முனையிலும் இரும்பை வாலிலும் கட்டிய அம்பு திரும்பிவிடும். அதிவேகக் காருக்கும் இதே விதிதான். பந்தயக்காரர்கள் பின்சிறகின் இரு ஓரங்களிலும் செங்குத்தான தகடுகளை வைப்பது சிறகின் காற்று ஓரமாக நழுவாதிருப்பதற்காக. அத்துடன் அவை அம்பின் இறகாகவும் உதவுகின்றன.

சரி, பின்சிறகு இவ்வளவு நன்மை செய்யுமானால் அதைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. என் மகன் ஓர் ஏற்றத்தின் படத்தை வரைந்து காட்டினான். கிணற்றடியில் நீரிறைக்கும் நம் ஏற்றந்தான். பின் அச்சே அதன் தாங்குகால். சிறகு அச்சுக்குப் பின்னால் நிற்கிறது. ஆகவே அது வாலை அழுத்தும்போதே மூக்கைத் தூக்குகிறது. சிறகு உயரத்தில் இருப்பதால், அதன்மேல் மோதும் காற்றும் வண்டியைப் பின்னோக்கிச் சாய்க்கிறது. மூக்குச் சற்று எழுந்ததோ, அடிப்பகுதி முழுதும் காற்றுக்கு முகம் காட்டுகிறது. பிறகு பட்டம் ஏறுவதுபோல்தான். இதற்காகவே மூக்கின் நுனியில் ஒரு சிறு முன்சிறகு. உச்ச வகுப்பு வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 300 அங்குலம், அதாவது ஏழரை மீட்டருக்கு மேல். கணக்கிற்காக, பின்சிறகில் 2,000 கிலோ பளுவும், அது அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் நிற்பதாகவும் வைத்துக்கொள்வோம். அதன் தூக்கலைச் சமன் செய்ய, ஏழரை மீட்டர் முன்னால் 133 கிலோ போதும். ஏற்றத்தின் நீளமான கையில் நிற்பவன் மெலிந்தவனாக இருந்தாலும் போதுமல்லவா? காற்று மோதிச் சாய்ப்பதற்காக இன்னும் கொஞ்சம் கூட்டவேண்டும், அவ்வளவே.

இது ஏட்டுக்கணக்கு மட்டுமன்று. 1986ஆம் ஆண்டு கார்லிட்ஸ் தமது முப்பதாம் ‘சதுப்பு எலி’யை, காற்று எதிர்ப்பைக் குறைக்கும் பொருட்டு வழவழப்பான மூக்கும் மூடிய இருக்கையுமாகச் செய்தார். அவ்வண்டி ஃபுளோரிடாவின் கெயின்ஸ்வில்லில் 272.56 மைலை எட்டியது. அதே ஆண்டு நியூ ஜெர்ஸியின் இங்கிலிஷ்டவுனில், ஓட்டத்தின் நடுவே அதன் மூக்கு எழுந்தது. எழுந்தது எழுந்தபடியே வண்டி வாலில் நின்று, திரும்பி, வந்த வழியைப் பார்த்து இறங்கியது. தெய்வாதீனமாக அவருக்கு ஒன்றுமில்லை. அவ்வண்டி இப்போது வாஷிங்டன் நகரின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் உடைமை. அந்தப் படத்தை நாங்கள் பத்து முறையாவது பார்த்திருப்போம். என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து ஒருமுறை பார்த்துவிட்டு, “இதைப் பார்த்துத்தான் நீயும் போனாயா?” என்று கேட்டாள். அவனிடம் பதிலில்லை.

சாதாரணக் காரின் உடலை வைத்து நேரோட்டம் ஓடுவோர்க்கும் இதே கவலைதான். அவர்கள் முதலில் செய்வது சிறகு வைப்பதன்று. அடியில் புகும் காற்றைத் தடுப்பது. முன்புறம் தரையை ஒட்டி ஒரு தகட்டை இறக்குகிறார்கள். மூக்கு வாலைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்குமாறு வண்டியை நிறுத்துகிறார்கள். அடிப்பகுதியைத் தட்டையாக மூடுகிறார்கள். பிறகே பின்னால் தகடோ சிறகோ. அதையும் சிறிது சிறிதாகச் சாய்த்து, ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றை மட்டும் மாற்றி, எழுதி வைத்துக்கொள்கிறார்கள். இரண்டை ஒருசேர மாற்றினால் நன்மையும் தீமையும் எதனால் வந்தன என்று தெரியாது. இந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது, குமாஸ்தாப் புத்தி!

சிறகைத் தாங்கும் கால்களைப் பற்றியும் ஒரு சொல். டன் கணக்கான பளு அக்கால்களின் வழியேதான் வண்டிக்கு இறங்குகிறது. வளைவுப் பந்தயத்தில், 1969ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுப் போட்டியில், ஒரே அணியின் இரண்டு வண்டிகளிலும் உயர்ந்த சிறகுகள் ஒடிந்து, இரண்டும் விபத்துக்குள்ளாயின. அடுத்த போட்டியிலேயே உயர்ந்த சிறகுகளைத் தடை செய்தனர். பளுவை நம்பி வேகமெடுத்தபின் அந்தப் பளு ஒரு கணத்தில் மறைந்தால், முதலிலேயே பளு இல்லாதிருந்ததைவிடக் கேடு.

நிறுத்துவதும் நிலையைச் சேர்ந்ததே. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் பின்னால் இரண்டு பாராசூட்கள் விரிகின்றன. அவற்றின் கயிறு கட்டும் உயரமும் கணக்குத்தான். வண்டியின் எடைமையத்திற்கு மிக மேலே கட்டினால் மூக்கு எழும், மிகக் கீழே கட்டினால் பின்சக்கரம் இலேசாகும். 2008 ஜூன் 21ஆம் நாள், அதே இங்கிலிஷ்டவுனில், ஸ்காட் கலிட்டா என்ற வீரரின் எஞ்சின் வெடித்தது. பாராசூட்கள் அவரைக் காக்கவில்லை. வண்டி மணற்படுகையையும் தாண்டிச் சென்று அவர் உயிரிழந்தார். அதன்பின் உச்ச வகுப்புகளின் தொலைவைக் கால் மைலிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தனர். அதாவது 305 மீட்டர். நம் விரைவு வண்டியின் பதின்மூன்று பெட்டிகளின் நீளம்கூட இல்லை. இத்தனை ஆண்டுப் பழக்கமும் இத்தனை அறிவும் உள்ளவர்கள், வேகத்தைக் கூட்டும் வழியைத் தேடாமல் ஓடுதளத்தைக் குறைத்தார்கள் என்பது என் மனத்தில் பதிந்த செய்தி.

இனி நம் புறவழிச்சாலைக்கு வருகிறேன்.

அன்று மாலை மருத்துவமனையிலிருந்து வந்ததும், வயலிலிருந்து இழுத்துவந்து நிறுத்தியிருந்த அந்தப் பழைய காரின் பின்னே, பிள்ளைகள் அலுமினியத் தகட்டில் செய்து பொருத்தியிருந்த சிறகைக் கண்டேன். என் ஆத்திரம் முழுதும் அதன்மேல் திரும்பியது. சுத்தியலால் அடித்துப் பெயர்த்தேன். மகனையும் கைநீட்டி அடித்தேன். கட்டுப் போட்ட கையோடு நின்றவனை. அண்ணா, அன்று உங்கள் வீட்டு வாசலில் நின்று நானே சொன்னேன்: “அந்தத் தகரச் சிறகுதான் பிள்ளைகளைக் கவிழ்த்தது” என்று. காலனி முழுவதும் அதையே சொல்லிற்று.

நம் துறையில் ஒரு பெட்டி தடம்புரண்டால் யாரும் முதல்நாளே தீர்ப்பெழுதுவதில்லை. தண்டவாளத்தை அளக்கிறோம், சக்கரத்தை அளக்கிறோம், பிறகே எழுதுகிறோம். வீட்டு விஷயத்தில் நான் அதை மறந்தேன். ஆறு வாரம் கழித்து, மகனும் நானும் நாடாவையும் காற்றழுத்த மானியையும் எடுத்துக்கொண்டு வண்டியை அளந்தோம். சிறகின் பரப்பு ஒரு சதுரமீட்டரில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில், நன்றாகச் செய்த சிறகாயிருந்தாலும், அது தந்திருக்கக்கூடிய பளு சுமார் 12 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டையின் கால் பங்கு! அதே சிறகு 530 கிலோமீட்டரில் சென்றால் 28 மடங்கு, முந்நூறு கிலோவைத் தாண்டும். ஆனால் நம் பிள்ளைகள் போனது அமெரிக்க ஓடுதளத்தில் அன்று. அது முன்சக்கரங்கள் இழுக்கும் கார். ஆகவே வாலில் வைத்த சிறகு இழுக்கும் சக்கரத்திற்கு எவ்வித உதவியும் செய்யாது. முன்பளுவை ஓரிரு கிலோ குறைத்திருக்கும். அவ்வளவே. சிறகு ஒரு வேடிக்கைப் பொருள், குற்றவாளி அன்று.

குற்றவாளிகள் வேறு இருவர். பின்னால் இடது டயரில் 18 பவுண்டு காற்று. மற்ற மூன்றிலும் 30. வயலில் இறங்கியபோது அது இறங்கியிருக்கலாமே என்று நானே வாதாடினேன். காற்றை நிரப்பி ஓரிரவு வைத்துப் பார்த்தோம். விடிந்தபோது மீண்டும் இறங்கியிருந்தது. வால்வு நெடுநாளாகக் கசிந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது, ஸ்டீயரிங் தண்டின் மூட்டு தேய்ந்து, கையால் அசைத்தாலே ஆடியது. ஸ்டீயரிங்கை மூன்று விரல் அகலம் திருப்பியும் சக்கரம் அசையவில்லை. அந்தத் தேய்மானத்திற்கு ஒருமாதம் முன்புதான், இனி ஒரு குறையுமில்லை என்று ஒரு பட்டறையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வண்டி சற்று விலகியிருக்கிறது, என் மகன் திருப்பியிருக்கிறான், ஒன்றும் நடக்கவில்லை, இன்னும் திருப்பியிருக்கிறான், ஆட்டம் தீர்ந்ததும் சக்கரம் ஒரேயடியாகத் திரும்பியிருக்கிறது. கார்லிட்ஸின் முதற்சோதனையில் நடந்ததற்கு ஏறக்குறைய இதுவே பெயர்.

இதனால் என் மகன் செய்தது சரியென்று நான் சொல்லவில்லை. திறக்காத சாலையில், தலைக்கவசமில்லாமல், பிறர் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு ஓட்டியது அவன் பிழை. டயரின் காற்றைப் பார்க்காமல் சிறகைச் செய்ய மூன்று வாரம் செலவிட்டதும் அவன் பிழை. அளக்காமல் தீர்ப்பெழுதியது என் பிழை. அதை அண்ணாவிடமும் அண்ணியிடமும் சபையறிய ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் பிள்ளை இப்போது கையை முழுதாக உயர்த்துகிறான். சென்ற ஞாயிறு எங்கள் வீட்டிற்கு வந்து, என் மகனோடு சேர்ந்து அந்த மூட்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினான். காற்றழுத்த மானி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. வண்டிச் சாவியும் அதன் பக்கத்திலேயே. நான்கு டயரின் அளவையும் நோட்டில் எழுதிக் கையெழுத்திட்ட பின்னரே சாவி கொடுக்கப்படும். இதுவரை பதினொரு பதிவுகள்.

அந்த அலுமினியச் சிறகு எங்கே என்று இளைஞர் ஒருவர் என்னைக் கேட்டார். அது எங்கள் மொட்டை மாடியில் இருக்கிறது. சுத்தியல் பட்ட நெளிவைத் தட்டி நிமிர்த்தி, இரண்டு செங்கல்மேல் சாய்த்து, அதன்மேல் என் மனைவி கூழ்வற்றல் காயவைக்கிறாள். வற்றல் பறக்காமலிருக்க ஓரத்தில் ஒரு கல்லை வைத்திருக்கிறாள்.